மேப்பிள் மட்டுமே நின்ற காடு

ரெயால் பூலானுக்கு அப்படியொரு பிடிவாதம். இருபத்தெட்டு வயதில் அப்பாவின் காடு கைக்கு வந்ததும், சாறெடுத்துப் பாகு காய்ச்ச உதவும் மேப்பிளைத் தவிர ஒரு மரத்தையும் விட்டுவைக்கவில்லை. லிண்டன், பிர்ச், காட்டுச் செர்ரி எல்லாம் அடுப்புக்குப் போயின. பக்கத்துக் காட்டுக்காரன் பிளசீத், ரெயாலின் மனைவி ஒடிலின் தம்பி, எதையும் வெட்டவில்லை.

"காடாடா அது? காய்கறிக் கடை!" என்று நாற்பது வருஷம் சளைக்காமல் கேலி செய்தார் ரெயால்.

பிறகு கம்பளிப்புழு வந்தது. தடையாக வேறு மரமே இல்லாததால் மேப்பிளுக்கு மேப்பிள் தாவி, ஜூனிலேயே காட்டை மொட்டையடித்தது. அடுத்த வருஷமும் வந்தது. பிளசீத்தின் பக்கம் அங்கங்கே கடித்ததோடு சரி.

இலை இழந்த மரத்தில் மறு வசந்தத்தில் துளை போட்டுச் சாறு எடுத்தால் மரம் செத்தே போகலாம். அக்டோபரில் ஒடில் வேர்களைக் கீறி அயோடின் சொட்டு விட்டாள். வேரில் மாவுச்சத்து மிச்சம் இருந்தால் கறுக்கும். இருபது வேரிலும் மஞ்சளாகவே நின்றது.

"இந்தத் தடவை வேணாங்க. மரம் பட்டினி கெடக்கு."

"நாலு வேரப் பாத்துட்டு நாட்டாமை பண்ணாத!"

பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு தானே போனார். சாயங்காலம்வரை குனிந்து குனிந்து கீறினார். ஒரே ஒரு வேர் கன்னங்கரேலென்று கறுத்தது. சந்தோஷத்தில் நிமிர்ந்தவர், அது வேலிக்கு அடியில் நீண்டு வந்த பிளசீத்தின் மரத்து வேர் என்று கண்டார். அந்த வயதில் அவர் அப்படி உடைந்து உட்கார்ந்தது பாவமாக இருந்தது.

மார்ச்சில் சாறு இறங்கும் காலம் வந்தது. துளைக்கருவியை அவர் தொடவே இல்லை. பிளசீத்தின் கொட்டகையிலிருந்து பாகு காய்ச்சும் வாசனை வந்தபோதெல்லாம் ஜன்னலைச் சாத்தினார். மற்ற நேரமெல்லாம் தன் கொட்டகை வாசலில் சும்மா நின்றார்.

ஒரு காலையில் பிளசீத் பாகு டப்பாவோடு வந்தான்.

"அத்தான், திட்டணும்னா திட்டிக்கோங்க. சாப்பிட்டுட்டுத் திட்டுங்க."

ரெயால் திட்டவில்லை. ஒடில் முட்டை பொரித்து, எப்போதும்போல அதன்மேல் பாகை ஊற்றினாள். ஒரு வாய் தின்றவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"நம்ம பாகைவிட நல்லா இருக்குடி," என்று சொல்லிவிட்டு, மச்சான் எதிரிலேயே அழுதார்.