லாரிக் கூரைக்கு அடியில் இரண்டு தட்டு

பேய் பார்த்தேன் என்று எவனாவது சொன்னால், "ராத்திரி என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்கிறவன் நான். அதனால் இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என் இரண்டு காதாலும் கேட்டதை இல்லை என்று எப்படிச் சொல்வது? செஞ்சியில், திண்டிவனம் சாலையில், என் பட்டறை வாசலிலேயே நடந்தது. என்னோடு சேர்ந்து கேட்டவர் இன்றும் இருக்கிறார். சந்தேகம் இருப்பவர்கள் அவரிடம் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

1966, மார்கழி மாதம். ரம்ஜான் நோன்பு நடந்துகொண்டிருந்தது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருக்கும் ராஜாங்கம் ஒரு பழைய மிலிட்டரி லாரியை ஏலத்தில் எடுத்து வந்து என் பட்டறையில் நிறுத்தினார். யுத்த காலத்து வண்டி. கேபின் கூரையின் நடுவில் வட்டமாக ஒரு திறப்பு. சிப்பாய் எழுந்து நின்று பார்ப்பதற்காம். அதைச் சுற்றி ஒரே துரு. சுத்தியலால் தொட்டாலே அப்பளம் மாதிரி உதிர்ந்தது.

"மழை வந்தா உள்ள குளமாயிடுது பாண்டுரங்கம். துருவை வெட்டிட்டு, அந்த ஓட்டையையும் சேத்து மூடிடு. காலையில வண்டி மெட்ராஸ் போவணும்" என்றார். கல்யாணத்தை வைத்துக்கொண்டு பெண் தேடுகிற மாதிரிதான் எப்போதும் அவர் அவசரம்.

என் கூட்டாளி உமர் பாரூக். எனக்கு அவர் பாய், அவருக்கு நான் பாண்டு. தகடுகளைச் சேர்க்கும் ரிவிட் ஆணி அடிக்க இரண்டு ஆள் வேண்டும். கூரை மேலே சுத்தியலோடு நான். கேபினுக்குள் நின்று, ரிவிட்டுக்கு நேராக இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்துப் பிடிப்பவர் பாய். அந்தக் கட்டை இல்லாவிட்டால் என்ன அடித்தாலும் ரிவிட் உட்காராது. தகடுதான் நெளியும். ஒருவரையொருவர் பார்க்க முடியாது. சத்தத்தில் பேச்சும் கேட்காது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். கட்டை சரியாக நின்றதும் பாய் உள்ளிருந்து இரண்டு தட்டு தட்டுவார். டக்... டக். பிறகுதான் நான் அடிப்பேன்.

அன்று துரு வெட்டும்போதே பாய் இருமிக்கொண்டிருந்தார். அவருக்கு மூச்சிளைப்பு உண்டு. அதிலும் நோன்பு.

"கண்ணாடிய எறக்கி வெச்சிக்க பாய்."

"எறங்கலபா. துரு புடிச்சிக் கெடக்குது."

கதவுக்கும் உள்பக்கம் பிடி இல்லை. வெளியிலிருந்துதான் திறக்க வேண்டும். இன்னொரு பக்கத்துக் கதவை எப்போதோ வெல்டிங் வைத்து அடைத்திருந்தார்கள்.

புதுத் தகட்டை வெட்ட நான் பட்டறைக்குள் போனேன். திரும்பி வந்தபோது கேபின் கதவு மூடியிருந்தது. பாய் ஏறிவிட்டார் என்று நினைத்தேன். தகட்டைத் தலைமேல் தூக்கிக்கொண்டு ஏறியதால், ஓட்டை வழியாக உள்ளே எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

மணி ஐந்தரை. ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிவிட்டது. தகட்டை வைத்து, முதல் ரிவிட்டைச் செருகினேன்.

டக்... டக்.

அடித்தேன். நன்றாக உட்கார்ந்தது. அடுத்ததைச் செருகினேன். சுத்தியலை எடுப்பதற்குள் தட்டு வந்துவிட்டது. பாய் இவ்வளவு வேகம் கிடையாது.

"மெதுவா பாய். கஞ்சி இன்னா ஓடியா போவுது?"

பதிலுக்கும் அதே இரண்டு தட்டுதான். நோன்பு நாளில் அவர் அதிகம் பேசமாட்டார். விட்டுவிட்டேன்.

இன்னும் சில ரிவிட் ஆனது. முட்டிக்கு அடியில் ஜில்லென்று இருந்தது. நாளெல்லாம் வெயில் வாங்கிய கூரை... சூடாகத்தானே இருக்க வேண்டும்? குனிந்து பார்த்தேன். தகட்டின் ஓரத்தில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. கீழிருந்து மேலே. வானத்தில் மேகமே இல்லை. தண்ணீரில் ஆற்றுச் சேற்று வாடை அடித்தது.

டக்... டக்.

ஐந்து ஐம்பத்திரண்டு. பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு கேட்டது. பாங்கு கேட்டால் கையில் இருப்பது தங்கமானாலும் கீழே வைத்துவிட்டுப் போகிறவர் பாய்.

டக்... டக்.

"பாய், பாங்கு சொல்லிட்டாங்க. வா, போதும்."

டக்... டக்.

"பாய்...?"

டக் டக். டக் டக். டக் டக்.

சுத்தியலைக் கீழே போட்டேன். இளைப்பு வந்துவிட்டதா? பேச முடியாமல்தான் தட்டுகிறாரா? கண்ணாடி இறங்காது. உள்ளேயிருந்து கதவைத் திறக்க முடியாது. காற்று வர இருந்த ஒரே ஓட்டை... அதையும் நான்தான் மூடிவிட்டேன். ஐயோ, அவர் மனைவி சாகிரா முகத்தில் எப்படி விழிப்பேன்?

குதித்தேன். கதவை இழுத்தேன். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தேன். அசையவில்லை. கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. யாரோ வாயை வைத்து மூச்சு விட்ட மாதிரி.

"பாய்! பாய்!"

"இன்னா பாண்டு, ஏன் இப்படி கத்துறே?"

குரல் பின்னாலிருந்து வந்தது.

திரும்பினேன். சாலையில் உமர் பாய். கையில் தூக்குச் சட்டி. எனக்கு நோன்புக் கஞ்சி.

"நீ... உள்ள இல்லியா?"

"நோம்புக் கஞ்சி வாங்கப் போறேன்னு சொல்லிட்டுத்தானே போனேன். தகடு வெட்டுற சத்தத்துல உனக்குக் காதுல வுழல போல. கட்டையக்கூட பட்டறையிலதான் வெச்சிருக்கேன்."

டக்... டக்.

பாயும் கேட்டார். தூக்குச் சட்டி நழுவி விழுந்தது. அவர் உதடு ஓதத் தொடங்கியது.

டக் டக் டக் டக்...

கூரை முழுக்க. பிறகு மெதுவாக.

டக்...

இரண்டாவது தட்டு வரவில்லை.

கதவு தானாகத் திறந்தது.

உள்ளே யாரும் இல்லை. சீட்டு காய்ந்துதான் இருந்தது. பாய் பட்டறையிலிருந்து அரிக்கேன் விளக்கை எடுத்து வந்து தூக்கிப் பிடித்தார். கூரையின் அடியில் ரிவிட் எல்லாம் தட்டையாக, அழகாக உட்கார்ந்திருந்தன. பாய் பிடித்திருந்தால்கூட அவ்வளவு நேர்த்தி வந்திருக்காது.

நாங்கள் ஓடிவிட்டோம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஓடினோம்.

விடிந்ததும் வண்டி எடுக்க டிரைவர் தாண்டவராயன் வந்தார். ஏலம் எடுத்த இடத்திலிருந்து லாரியை ஓட்டி வந்தவர் அவர்தான். புதுத் தகட்டைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"யாருபா இத மூடச் சொன்னது?"

"உங்க மொதலாளிதான். ஏன்?"

"ஏலத்துல ஒரு ஆள் சொன்னான். யுத்தத்தப்போ ஒரு ஆத்து வெள்ளத்துல இந்த வண்டி கூரை வரைக்கும் முழுகிடுச்சாம். டிரைவர் உள்ள மாட்டிக்கினான். கதவு தொறக்கல. காப்பாத்தப் போன ஆளுங்க கூரை மேலயேதான் நின்னுக்கினு இருந்தாங்களாம். ஆனா ஒழுகுதுன்னு அந்த ஓட்டை மேல அப்பவே ஒரு தகடு அடிச்சி வெச்சிருந்தாங்க. அதப் பிரிக்க அப்போ கையில ஒண்ணும் இல்ல, தண்ணி வடிஞ்சப்புறந்தான் பிரிச்சி எடுத்தாங்க. அவன் உள்ளருந்து தட்டுறது மட்டும் கேட்டுதாம்."

"எப்படித் தட்டினான்?" என்று கேட்டார் பாய்.

"ரெண்டு ரெண்டா."

திறந்துவிடு என்றுதான் அவன் என்னிடமும் தட்டியிருக்கிறான். அவன் கீழிருந்து முட்டித் தள்ளியதே எனக்கு முட்டுக் கட்டையாகிவிட்டது. அவன் தட்டத் தட்ட, நான் ஒவ்வொரு ரிவிட்டாக அடித்து மூடிக்கொண்டே இருந்தேன்.