தங்கை ஏறிய வெள்ளிமலை பஸ்

தொண்ணூறுகளின் பிற்பகுதி. எங்கள் பக்கம் கைபேசி வராத காலம். கள்ளக்குறிச்சியில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். ரிஷிவந்தியம் போகிற வழியில், டவுனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் எங்கள் ஊர் வரும். அப்பாவுக்குப் பெங்களூரில் கட்டட வேலை. மாதம் ஒருமுறை வந்து போவார். அம்மா நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போவார். என்னைவிடப் பத்து வயது இளைய தங்கை ஒருத்தி, இரண்டாம் வகுப்பு. ஊர்ப் பள்ளியில் எல்லா வகுப்புக்கும் ஒரே ஆசிரியர் என்பதால், அம்மா அவளையும் டவுனில் ஒரு தொடக்கப் பள்ளியில் சேர்த்து என்னோடு அனுப்பினார்.

காலையில் அவளை வகுப்பில் விட்டுவிட்டு என் பள்ளிக்கு நடப்பேன். மாலை நாலு மணிக்கு மேல் அவள் பள்ளி வாசலில் போய் நின்று, கையைப் பிடித்து பஸ் ஸ்டாண்டுக்கு அழைத்துப் போவேன். வீட்டில் எனக்கென்று இருந்த வேலை அது ஒன்றுதான். சமையல், தண்ணீர், துணி எல்லாவற்றையும் அம்மா பார்த்துக்கொண்டார். 'நீ படி' என்பார், அவ்வளவுதான்.

ஜூலை மாதத் தேர்வில் வகுப்பில் நான் முதலாவதாக வந்தேன். இன்னும் கொஞ்சம் அழுத்திப் படித்தால் மருத்துவக் கல்லூரி இடமே கிடைக்கலாம் என்று விலங்கியல் டீச்சர் சொன்னார். அந்த ஒரு வார்த்தை என்னை ஆட்டி வைத்துவிட்டது. ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு டைம் டேபிள் எழுதி, எங்கள் வீட்டில் இருந்த ஒரே அறையின் சுவரில் ஒட்டினேன். அதில் பாடங்களுக்கு இடம் இருந்தது, தூக்கத்துக்கு இடம் இருந்தது. வேறு யாருக்கும் இடம் இல்லை. நான் புத்தகத்தைத் திறந்தால் தங்கை வாயைத் திறக்கக் கூடாது என்பது வீட்டில் சட்டமானது. அம்மாவும் அதற்கு உடன்பட்டார். கிண்ணத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைப்பார்.

ஆகஸ்டில் எங்களுக்கு ஸ்பெஷல் கிளாஸ் ஆரம்பித்தது. ஐந்தரை மணி வரை போகும். தங்கையை யார் அழைத்துக்கொள்வது என்ற கேள்வி வந்தபோது, ஆறாம் வகுப்பிலிருந்து எனக்கு நெருக்கமான தோழியிடம் சொன்னேன். அவள் தொழிற்கல்விப் பிரிவு. அவளுக்கு ஸ்பெஷல் கிளாஸ் கிடையாது. வீடும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டாவது தெரு. "நீ சும்மாதான இருக்க, அவள இட்டுக்கினு போய் பஸ் ஸ்டாண்டுல கொஞ்சம் ஒக்கார வையேன்" என்றேன். சரி என்றாள். அன்று ஒரு நாள்தான் கேட்டேன். அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் நான் கேட்கவே இல்லை. அவள் தினமும் செய்தாள். நான் வரும்வரை தங்கையோடு உட்கார்ந்திருப்பாள். எங்கள் ஊர் பஸ் காலியாக வந்து நின்றால், அவளை ஜன்னலோரம் ஏற்றி எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைப்பாள். நான் வேர்க்க விறுவிறுக்க வந்து ஏறியதும் கை காட்டிவிட்டுப் போய்விடுவாள். பல நாள் அவளோடு இரண்டு வார்த்தை பேசியதுகூட இல்லை.

செப்டம்பரில் அவள் அக்காவுக்கு வளைகாப்பு. அவளே வந்து அழைத்தாள், அவள் அம்மாவும் என் அம்மாவிடம் சொல்லி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமைதான். மறுநாள் வேதியியல் டெஸ்ட் இருந்தது. நான் போகவில்லை, வர முடியாது என்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை பிரேயருக்கு முன் என்னிடம் வந்தாள். கத்தவில்லை. "எங்க வூட்டுக்கு வர்றதுக்கு ஒனக்கு நேரம் இல்ல. சரி. இனிமே ஒன் தங்கச்சிய நீயே பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். கோபத்தில் சொல்கிறாள், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலையும் தங்கையோடு அவள்தான் இருந்தாள். அடுத்த இரண்டு நாளும் அப்படியே. என்னைக் கண்டதும் எழுந்து போய்விடுவாள். தங்கைக்கு ஒரு குறையும் இல்லை என்பதால், எங்கள் பேச்சு நின்றுபோனதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை ஐந்தரைக்கு வகுப்பு முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். வழக்கமான இடத்தில் இருவரும் இல்லை. தங்கையைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாள் போல என்று எரிச்சலோடுதான் அங்கே போனேன். தோழி போர்வையைப் போர்த்திக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"பாப்பா எங்க?" என்றேன்.

"நான் இன்னிக்கி ஸ்கூலுக்கே வரல. நேத்து ராத்திரிலேந்து ஜொரம். ஒங்க கிளாஸ் லீடர்கிட்ட சொல்லி உட்டனே, ஒனக்குச் சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் காதில் வாங்கியிருப்பேனா என்பது சந்தேகம். அவள் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. போர்வையைக் கயிற்றில் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு இறங்கினாள்.

தங்கையின் பள்ளி பூட்டிக் கிடந்தது. எதிரே வேர்க்கடலை விற்கும் பெண், "அந்தக் கொயந்த ரொம்ப நேரம் நின்னுக்கினு இருந்திச்சி. அப்புறம் பஸ் ஸ்டாண்டு பக்கமா நடந்து போச்சி" என்றார். திரும்ப ஓடினோம். கடை கடையாகக் கேட்டோம். யாரும் பார்க்கவில்லை. எனக்குக் கால்கள் ஓடினவே தவிர, தலைக்குள் எதுவும் ஓடவில்லை. தோழிதான் என்னை டைம் கீப்பர் அறைக்கு இழுத்துப் போனாள்.

டைம் கீப்பர் நிதானமான மனிதர். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு, "கொயந்தைக்கு இன்னா அடையாளம், சொல்லும்மா" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை என்றேன். அந்தப் பள்ளியின் முந்நூறு பிள்ளைகளும் அதைத்தான் போட்டிருப்பார்கள். "வேற?" என்றார். எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. காலையில் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம். நான் வழி நெடுக தாவரவியல் படித்துக்கொண்டு வந்தேன். ஒரு சடையா, இரட்டைச் சடையா என்று கேட்டிருந்தால்கூட எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

தோழி சொன்னாள்: "முன்பல்லு ஒண்ணு இல்லீங்க. திங்கக்கெயமதான் வுழுந்துச்சி. சட்டையில ரெண்டாவது பட்டன் இல்ல, ஊக்கு குத்தியிருக்கும். பைக்கு வார் அறுந்து சணல் கட்டியிருக்கும். அந்த மூணாவது கம்பத்தாண்டதான் எப்பவும் ஒக்காருவோம்."

தங்கைக்குப் பல் விழுந்தது எனக்குத் தெரியாது. மூன்று நாட்களாக அவள் பக்கத்தில் படுத்துத் தூங்கி எழுந்திருக்கிறேன்.

டைம் கீப்பர் மூன்றாவது கம்பத்தை எட்டிப் பார்த்தார். நோட்டைப் புரட்டினார். எங்கள் ஊர் பஸ் அன்று லேட். அது நிற்கும் இடத்தில் நாலே முக்காலுக்கு வெள்ளிமலை பஸ்ஸை நிறுத்தியிருந்தார்கள். அதை எங்கள் ஊர் பஸ் என்று நினைத்து ஏறியிருக்க வேண்டும் என்றார். யூனிபாரம் போட்ட பிள்ளை. கண்டக்டரும் டிக்கெட் கேட்டிருக்க மாட்டார். அடுத்த வெள்ளிமலை பஸ் புறப்படத் தயாராக நின்றது. எங்கள் இருவரையும் அதில் ஏற்றி, கண்டக்டரிடம் விஷயத்தைச் சொன்னார். எங்கள் ஊர்ப் பக்கம் போகிற பஸ்ஸில் அம்மாவுக்குச் சொல்லி அனுப்புவதாகவும் சொன்னார். தோழியைப் பார்த்து, "நீ வூட்டுக்குப் போம்மா, ஒடம்பு சுடுது ஒனக்கு" என்றார். அவள் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்ற தன் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு வீட்டில் சொல்லச் சொல்லிவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

கச்சிராயபாளையம் வரை சமதளம். அதைத் தாண்டி அணைக்கட்டு வந்ததும் மலை தொடங்கிவிடும். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் எங்கள் கண்டக்டர் இறங்கி, ஒரு சின்னப் பெண் இறங்கினாளா என்று விசாரித்தார். இல்லை என்றார்கள். வளைவுகளில் பஸ் ஊர்ந்தது. பள்ளத்துப் பக்கம் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவள் தோள் என் தோளில் பட்ட இடம் காய்ச்சலில் கொதித்தது.

மலையில் பாதிக்கு மேல் ஏறியிருப்போம். மேலே இருந்து ஒரு பஸ்ஸின் விளக்கு வெளிச்சம் இறங்கி வந்தது. அங்கே சாலை குறுகல் என்பதால் ஒரு பஸ் ஒதுங்கி நின்றால்தான் மற்றது போக முடியும். எங்கள் டிரைவர் ஒதுங்கி நிறுத்தினார். எதிர் பஸ் பக்கத்தில் வந்ததும் அந்த கண்டக்டர் தலையை நீட்டி, "அண்ணே, இஸ்கூல் பாப்பா ஒண்ணு எங்களாண்ட இருக்குது. கள்ளக்குறிச்சில யாராச்சும் தேடறாங்களா?" என்றார்.

நான் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. எதிர் பஸ்ஸின் முன் சீட்டில், நடுத்தர வயதுள்ள ஒரு மலைப் பெண்ணின் மடியில் தங்கை உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்ணின் சேலை முந்தானையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம்.

நடந்ததை அந்த கண்டக்டர் சொன்னார். தங்கை பஸ் கிளம்புமுன்பே தூங்கிவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்த அந்த அம்மாவின் பிள்ளை என்று இவர் நினைத்தார். பிள்ளையோடு வந்தவர்கள் பின் சீட்டில் இருக்கிறார்கள் என்று அந்த அம்மா நினைத்தார். மலைமேல் தன் ஊரில் இறங்க அவர் எழுந்தபோதுதான் இவள் விழித்து, அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கத்தத் தொடங்கியிருக்கிறாள். வெள்ளிமலையில் போலீஸிடம் ஒப்படைக்கலாம் என்று கண்டக்டர் சொல்லியிருக்கிறார். பிள்ளை பிடியை விடவில்லை. அந்த அம்மாள் தன் ஊரில் இறங்காமல் வெள்ளிமலை வரை போய், அதே பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அவர் கையில் பெரியாஸ்பத்திரி மருந்துப் பொட்டலம் இருந்தது. வீட்டில் மாமியார் படுக்கையில். மாமியாருக்கு மருந்து வாங்கத்தான் காலையிலேயே இறங்கி வந்திருக்கிறார்.

அவர் முந்தானையை மெதுவாக விடுவித்து, தங்கையை என்னிடம் தந்தார். "நீதான் அக்காவா? நல்லா படிப்பியாமே. வழியெல்லாம் ஒன்னப் பத்திதான் சொல்லிக்கினு வந்திச்சி. அக்கா படிக்கறப்ப பேசக் கூடாதாம். அதான் எங்கிட்ட இம்மாம் பேச்சு பேசுது" என்றார். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. பிள்ளையின் சமர்த்தை மெச்சுகிற மாதிரிதான் சொன்னார்.

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பேர் என்ன, எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நாங்கள் மூவரும் கீழே போகும் பஸ்ஸில் ஏறிக்கொண்டோம். அவர் மருந்துப் பொட்டலத்தோடு மேலே போகும் பஸ்ஸில் ஏறினார். நன்றி என்று தோழிதான் சொன்னாள். பஸ் நகர்ந்துவிட்டது.

டவுனில் அம்மா பஸ் ஸ்டாண்டிலேயே நின்றிருந்தார். வயலிலிருந்து திரும்பியவர் கால்கூடக் கழுவாமல் கிளம்பி வந்திருக்கிறார், காலில் சேறு காய்ந்திருந்தது. தங்கையைத் தூக்கிக்கொண்டார். என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தோழியின் நெற்றியில் கையை வைத்துப் பார்த்து, "இந்த ஒடம்போடயா போன?" என்றார். எங்களை நேராக அவள் வீட்டுக்கு அழைத்துப் போய், அவள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். தப்பு செய்தவள் நான். மன்னிப்புக் கேட்டவர் அம்மா. அடியைவிட அது வலித்தது.

"நாளைலேந்து நான் வேலைய உட்டுட்டு சாயங்காலம் வந்து கூட்டிக்கிறேன்" என்றார் அம்மா, ஊருக்குத் திரும்பும்போது. வேண்டாம் என்றேன். மறுநாள் வகுப்பாசிரியையிடம் போய், வாரத்தில் மூன்று நாள் நாலு மணிக்குப் போக வேண்டும் என்று கேட்டேன். அவருக்குப் பிடிக்கவில்லை, பிறகு சம்மதித்தார். மீதி இரண்டு நாளுக்குத் தோழியை அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். காய்ச்சல் விட்டுத் தெம்பாக உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தாள். வளைகாப்புக்கு வராதது தப்பு என்றேன்.

"வரலன்னு கோவம் இல்லடி. டெஸ்ட்டு இருக்குது, வர முடியாதுன்னு வந்து சொல்லியிருந்தா போதும். நான் இன்னா, ஒன்ன இட்டுக்கினுதான் போவேன்னு அடம் புடிச்சனா?" என்றாள். இரண்டு நாளையும் ஏற்றுக்கொண்டாள், ஆனால் ஒவ்வொரு வாரமும் கேட்க வேண்டும் என்று நிபந்தனை போட்டாள். கேட்டேன்.

மருத்துவ இடம் எனக்குக் கிடைக்கவில்லை. விட்டுப்போன வகுப்புகளால்தான் கிடைக்கவில்லை என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் மதிப்பெண் அவ்வளவுதான். வேறு படிப்புப் படித்து, வேறு வேலைக்குப் போனேன். அடுத்த ஆண்டு ஒருமுறை அந்த மலைப் பாதையில் போய் ஊர் ஊராக விசாரித்தேன். ஊரும் பேரும் தெரியாமல், மாமியாருக்கு மருந்து வாங்கிப் போனவர் என்று மட்டும் சொன்னால் யாரைக் காட்டுவார்கள்? அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. தங்கைக்கு அந்த நாள் அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது, சிரித்துக்கொண்டே சொல்வாள்.

படிப்பு, வீடு, நட்பு எல்லாவற்றுக்கும் சமமாக நேரம் ஒதுக்க எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் என் வேலைக்காக இன்னொருவர் காத்திருக்க வேண்டும் என்றால், உங்களால் முடியுமா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுவிடுகிறேன். அதைக் கேட்காமல் இருந்த அந்த ஒன்றரை மாதம் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்பதுதான் இத்தனை வருடம் கழித்தும் உறுத்துகிறது.