பீக்கோ மெஷினில் தைத்த படகுப் பாய்

அந்தப் படகு எங்கள் வீட்டுக்கு ஆடி மாதத்தில் வந்தது. குட்டி யானை வண்டியில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக, பின்னால் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு வந்தது. திருப்புலிவனத்தில் எங்கள் தெரு முனையில் வண்டி திரும்ப முடியாமல் நின்றபோது அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். கடல் எங்கேயோ இருக்க இங்கே படகு எதற்கு என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றியது. ஆனால் வண்டியோடு வந்து இறங்கிய என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்ததும் படகை இறக்க இடம் ஒதுக்கப் போய்விட்டேன்.

அவர் சென்னையில் ஒரு பாய்மரப் படகு கிளப்பில் வேலை செய்தவர். கல்யாணத்துக்கு முன்பே அங்கே சேர்ந்துவிட்டார். வசதியானவர்கள் லீவு நாளில் வந்து ஓட்டிவிட்டுப் போகிற படகுகளைக் கழுவுவது, ஓட்டை அடைப்பது, பாய் கட்டிக் கொடுப்பது, கவிழ்ந்தவர்களைப் போய்த் தூக்கி வருவது, இதுதான் வேலை. சனி ஞாயிறு அங்கேதான் இருக்க வேண்டும். திங்கட்கிழமைகளில் ஊருக்கு வருவார். உத்திரமேரூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் வைத்திருக்கும் தையல் கடைக்குத் திங்கட்கிழமைதான் விடுமுறை.

போன வருஷம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாயில் இரண்டு இடத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். கனமானது எதையும் தூக்கக் கூடாது, மூச்சு வாங்குகிற வேலை கூடாது, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். வேலையை விட்டார். கிளப்பில் மூலையில் கிடந்த பழைய படகு ஒன்றைக் கேட்டிருக்கிறார். கொடுத்துவிட்டார்கள். இரண்டு பேர் உட்கார்ந்து ஓட்டும் ஃபைபர் படகு. அடியில் நீளமாக ஒரு வெடிப்பு இருந்தது.

வீட்டுப் பக்கவாட்டில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார். மழை வந்து ஏரி நிறைந்தால் ஓட்டுவேன் என்றார். அந்த வருஷம் ஏரி நிறையக் கூடாது என்று நான் நினைத்தேன். சுற்றிலும் நெல் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊரில் இதை யாரிடம் சொல்ல முடியும்? கார்த்திகையில் மழை விடாமல் அடித்தது. உத்திரமேரூர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிகிறது என்று கடைக்கு வந்த பெண்கள் சந்தோஷமாகச் சொன்னார்கள். நான் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது தார்ப்பாயை எடுத்துவிட்டிருந்தார்.

பொங்கல் முடிந்ததும் வேலையை ஆரம்பித்தார். உப்புத்தாள் போட்டு அடிப்பகுதியைத் தேய்த்தார். தேய்ப்பதும் மூச்சு வாங்குகிற வேலைதானே என்றேன். உட்கார்ந்துதானே தேய்க்கிறேன் என்றார். நான் கடையில் இருக்கும் நேரமெல்லாம் காது போனிலேயே இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஏதாவது சாக்குச் சொல்லிப் பேசுவேன். பேச்சோடு பேச்சாக, படகு பக்கம் சத்தம் கேட்கிறதா என்று விசாரிப்பேன். தேய்க்கிற சத்தம் கேட்கிறது என்றால்தான் அடுத்த துணியை எடுப்பேன்.

ஒரு நாள் ஃபைபர் சிலாம்பு அவர் உள்ளங்கையில் கிழித்துவிட்டது. சின்னக் கீறல்தான். ஆனால் அவர் சாப்பிடும் மாத்திரைக்கு ரத்தம் லேசில் நிற்காது. நான் வீட்டுக்குப் போனபோது துண்டு நனைந்து, படகின் மேல் சொட்டுச் சொட்டாக இருந்தது. அவர் அந்தக் கையைத் தூக்கிப் பிடித்தபடி மற்றக் கையால் வெடிப்பில் ரெசின் பசையைப் பூசிக்கொண்டிருந்தார். கலந்துவிட்டால் கல்லாகிவிடும், பாதியில் விட முடியாது என்றார். அவர் கையை என் மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, நிற்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

வெடிப்பு அடைந்ததா என்று பார்க்கச் சோப்புத் தண்ணீரைத் தடவி, படகு மிதப்பதற்காக அடியில் இருக்கும் காற்று அறைக்குள் சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்று அடித்தார். குமிழி வந்தால் அங்கே ஓட்டை. முதல் தடவை மூன்று நான்கு இடத்தில் வந்தது. மறுபடி பூசினார், மறுபடி அடித்தார். கடைசியில் குமிழி வரவில்லை. அவர் சிரித்தார். அவரைக் கரையில் நிறுத்த இருந்த ஒரு தடை போய்விட்டதே என்று எனக்கு இருந்தது.

அதற்குப் பிறகு பாயை எடுத்துப் பிரித்தார். எங்கள் முன்னறை முழுவதும் பரந்து, வாசல்வரை போனது. தையல்கள் வெயிலில் இற்றுப்போய், விரலால் இழுத்தால் பிரிந்தன. ஒரு மூலையில் எலி கடித்திருந்தது. அவர் அதைச் சுருட்டிக் கடைக்கே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். புடவை ஓரம் அடிக்கிற பீக்கோ மெஷின் வளைந்து வளைந்து தைக்கும் இல்லையா, பாய்க்கு அந்தத் தையல்தான் போட வேண்டும் என்றார்.

முடியாது என்றேன். துணி தடிமனாக இருக்கிறது, ஊசி உடையும் என்றேன். அப்புறம் அது காரணமில்லை என்றும் சொன்னேன். தண்ணீர் நடுவில் உங்களுக்கு ஏதாவது ஆனால் யார் வருவார்கள், எனக்கு நீச்சல்கூடத் தெரியாது, நான் தைக்க மாட்டேன் என்றேன். கடையில் ஒரு பெண் அளவு கொடுக்க நின்றுகொண்டிருந்தாள். அவர் பாயைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று வாலாஜாபாத்தில் இருக்கும் என் மகளிடம் போனில் சொன்னேன். அவளும் அதையேதான் பிடித்துக்கொண்டாள்.

"நீ தைக்காதம்மா. பாய் இல்லாம போட் எப்டி போவும்? நைனா ரெண்டு நாள் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருப்பாரு, அப்புறம் சரியாப் பூடும்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனால் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. மறுநாள் நான் கடையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது முன்னறையில் கண்ணாடி போட்டுக்கொண்டு, கோணி ஊசியும் மீன்வலை நூலுமாக உட்கார்ந்து பாயைக் கையால் தைத்துக்கொண்டிருந்தார். ஒரு முழம் தைத்திருந்தார். நான் குனிந்து பார்த்தேன். எட்டி எட்டிப் போட்ட தையல். ஊசி போன ஒவ்வொரு ஓட்டையும் பெரிதாக இருந்தது. ஒரு நல்ல காற்று அடித்தால் அந்த ஓட்டைகள் வழியாகவே தாள் மாதிரி கிழிந்து போகும். எனக்கு அது தெரிந்தது. அவருக்கும் தெரியாமல் இருக்காது.

"இத்த கட்டிக்கினா போவப்போறீங்க?"

"வேற இன்னா பண்றது?"

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. அவர் போகத்தான் போகிறார். என் தையலோடு போகட்டும், இல்லை இந்தத் தையலோடு போகட்டும். நான் முடிவு செய்ய எனக்கு இருந்தது அவ்வளவுதான். காலையில் அவர் போட்டதை முழுக்கப் பிரித்துவிட்டு, பாயைக் கடைக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

தடிமனான துணிக்குப் போடுகிற பதினெட்டாம் நம்பர் ஊசி போட்டேன். அப்படியும் மூன்று உடைந்தன. அவர் எதிர்ப் பக்கம் நின்று பாயைச் சுருட்டிச் சுருட்டி விட, நான் இந்தப் பக்கம் இழுத்துத் தைத்தேன். ஒவ்வொரு மூட்டுக்கும் இரண்டு வரி போதும் என்றார். நான் மூன்று வரி போட்டேன். தைத்து முடித்த இடத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்ப்பேன். கல்யாண ஜாக்கெட் தைக்கும்போதுகூட எனக்குக் கை இப்படி வேர்த்ததில்லை. மனதில் சந்தேகம் வந்த இடத்தையெல்லாம் பிரித்து மறுபடி தைத்தேன். எலி கடித்த மூலைக்கு உள்ளேயும் வெளியேயும் ஒட்டுப் போட்டேன்.

ஏரியில் மீன் குத்தகை எடுத்திருப்பவரிடம் போய்ப் பேச வேண்டியிருந்தது. படகு வலையைக் கிழித்துவிடும் என்று அவர் முதலில் மறுத்தார். கரையை ஒட்டியே ஓட்டுகிறேன், வலை போட்ட பக்கம் வர மாட்டேன் என்று இவர் சொன்ன பிறகு ஒத்துக்கொண்டார். நான் தனியாக அவரைக் கூப்பிட்டு, இவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் இருக்கிறது, இவர் தண்ணீரில் இருக்கும்போது உங்கள் ஆள் ஒருத்தர் கரையில் இருக்க வேண்டும் என்று கேட்டேன். அதைக் கேட்டுக் குத்தகைக்காரருக்கே பயம் வந்துவிட்டது. வேண்டாமே அக்கா என்றார். நான் என்ன செய்ய முடியும் என்றேன்.

மாசியில் சாயங்காலக் கடல்காற்று இங்கே வரைக்கும் வரும் என்று காத்திருந்து, ஒரு திங்கட்கிழமை இறக்கினோம். குத்தகைக்காரரின் ஆட்கள்தான் படகைக் கரையிலிருந்து தூக்கி இறக்கினார்கள். இவர் கை வைக்கப் போனபோதெல்லாம் நான் பிடித்து இழுத்தேன். மிதவைச் சட்டையை நானே மாட்டி இறுக்கினேன். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி அதன் பையில் வைத்தேன். போன் நனையும் என்று என்னிடம் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டார்.

பாய் மேலே போனதும் முதலில் படபடவென்று அடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் துணி கிழிகிற சத்தம் மாதிரியே இருந்தது. அப்புறம் காற்று பிடித்து விறைப்பாக நின்றது. படகு போக ஆரம்பித்தது. கரையில் நின்ற ஆட்கள் சிரித்துக்கொண்டே போனில் படம் எடுத்தார்கள். போய்த் திரும்பினார், மறுபடி போனார். எனக்கும் மூச்சு கொஞ்சம் சீரானது.

மூன்றாவது தடவை திரும்பவில்லை. ஏரிக்குள் கருவேல மரங்கள் பாதி முழுகி நிற்கும் பக்கமாகப் போனார். மரங்களுக்குப் பின்னால் பாயின் மேல் நுனி மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் திடீரென்று இறங்கிவிட்டது.

நான் கூப்பிட்டேன். காற்று எங்கள் முகத்தில் அடித்ததால் என் குரல் அங்கே போகவில்லை. கரை மேலே ஓடினேன். முள் குத்தியதும் செருப்பு போனதும் பிறகுதான் தெரிந்தது. கையில் இருந்த அவருடைய போன் அடித்தது. மகள். எடுத்தால் என்ன சொல்வது? அடித்து ஓயும்வரை அதைப் பிடித்துக்கொண்டே ஓடினேன். குத்தகைக்காரரின் ஆள் தெர்மாகோல் மிதவையில் ஏறி, கைத்துடுப்பைப் போட்டுக்கொண்டு போனார். அந்த ஆளும் மரங்களுக்குப் பின்னால் மறைந்ததும், அங்கே என்ன பார்க்கிறாரோ என்று நினைத்தேன். கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வெகுநேரம் கழித்து மிதவை வெளியே வந்தது. பின்னால் கயிறு. கயிற்றின் முனையில் படகு. அதில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

கரைக்கு வந்ததும் இறங்காமலே என்னைப் பார்த்துச் சொன்னார்: "சுக்கான் பின்னு ஒடைஞ்சி பூட்ச்சி மே. அதான் பாய எறக்கிட்டேன். தையலு ஒண்ணும் ஆவல, அப்டியே கீது."

அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது, ஆனால் நாடி ஒழுங்காக ஓடியது. வீட்டுக்குப் போய், அவர் தலை துவட்டி, டீ குடித்து முடித்த பிறகுதான் பேசினேன்.

"இனிமே தனியா போவக் கூடாது."

"அப்ப நீ வா. ரெண்டு பேரு ஓட்ற போட்டுதான அது."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த திங்கட்கிழமை, புதுப் பின் மாட்டிய பிறகு, இரண்டாவது மிதவைச் சட்டையை எடுத்துத் தட்டிக்கொண்டிருந்தார். கரையில் நின்று பார்த்தது எனக்கு ஞாபகம் வந்தது. அதற்கு இது பரவாயில்லை என்று ஏறினேன்.

ஏறிய உடனே இறங்கிவிடலாமா என்று இருந்தது. தண்ணீர் இடுப்புக்குப் பக்கத்திலேயே ஓடியது. காற்று பிடித்ததும் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். எதிர்ப் பக்கம் வந்து விளிம்பில் உட்கார் என்றார். அங்கே போவதற்கு எனக்கு இரண்டு தடவை தைரியம் வந்து போனது. ஒரு வழியாக நகர்ந்து உட்கார்ந்ததும் படகு நிமிர்ந்துகொண்டது. அவர் பாயை இழுத்துப் பிடிக்கும் ஒரு கயிற்றைக் கொடுத்து, காற்று அதிகமானால் விட்டுவிடு என்றார். போன வழி முழுவதும் நான் தண்ணீரையும் பார்க்கவில்லை, கரையையும் பார்க்கவில்லை. மேலே என் தையல் வரிகளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு திங்கட்கிழமைகளில் போனோம். மகள் ஒரு தடவை வந்து கரையில் நின்று பார்த்தாள். நாங்கள் திரும்பியதும் அப்பாவை ஒன்றும் சொல்லவில்லை, என்னைத்தான் திட்டினாள். ஒவ்வொரு தடவையும் ஏறுவதற்கு முன்னால் பயத்தில் அவர் பையில் மாத்திரை இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். பழகிவிடும் என்று அவர் சொன்னார், பழகவில்லை. அவர் பேச்சை நிறுத்தினால் திரும்பிப் பார்ப்பேன். இருமினால் திரும்பிப் பார்ப்பேன். காற்றை எப்படிப் பார்ப்பது என்று அவர் சொல்லிக்கொண்டே வருவார். பாதி என் காதில் ஏறாது.

சித்திரையில் தண்ணீர் இறங்கி, படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகை சேற்றில் தட்ட ஆரம்பித்தது. ஆட்களை வைத்து மேலே ஏற்றினோம். அன்று அவர் எதையும் தூக்கவில்லை. ஆனாலும் கரை ஏறி வந்ததும் மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். ஆட்கள் படகை வண்டியில் ஏற்றிக் கட்டிவிட்டு எங்களுக்காகக் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எழுந்து, போகலாம் என்றார். நான் இன்னும் கொஞ்சம் உட்காரலாம் என்றேன்.