விமானத்துக்கு முதுகு காட்டி நிற்கும் வேலை

இதை நான் எழுதுவது சரிதானா என்று எனக்கே தெரியவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். மில் மூடும் வரை நூல் மில்லில் வேலை பார்த்தேன். ரிமோட்டில் பறக்கிற மாடல் விமானம் ஓட்டத் தெரியாது, ரிமோட்டைக் கையில் வாங்கவே கூச்சப்படுவேன். டாக்டர்களும் இன்ஜினியர்களும் இருக்கிற மாடல் விமானச் சங்கத்தில் மைதானம் பார்க்கிறவன் பேனாவைத் தூக்கினால் அதிகப்பிரசங்கித்தனமாகத்தான் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷெட்டில் பாதுகாப்பு விதிப் பலகை தொங்குகிறது. அதில் கடைசி விதியைப் படித்ததும் புதிதாகச் சேருகிறவர்கள் சிரிக்கிறார்கள். "விமானம் வேலிக்கு வெளியே விழுந்தால் விமானத்தைக் கேட்காதே. முதலில் பேட்டரியைப் பற்றிச் சொல்." இது என்ன விதி என்று கேட்டால் பழைய மெம்பர்கள் என்னைக் கை காட்டுகிறார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

1. முதல் நாள்

மைதானம் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மம்சாபுரம் போகிற பக்கம் இருக்கிறது. மேற்கே மலை. என்னை வேலைக்குச் சேர்த்தவர் சங்கச் செயலாளர். ராஜபாளையத்தில் மில் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். முதல் நாள், விமானம் ஏறி இறங்கும் இடத்தை ஒட்டிப் போட்ட சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்தி, தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"விமானத்தப் பாக்காத. அதப் பாக்க நாங்க இருக்கோம். நீ இந்தப் பக்கம் திரும்பி நின்னு ஆளப் பாரு, ஆட்டப் பாரு, வண்டியப் பாரு. கோட்டுக்குள்ள எது வந்தாலும் விசில அடி."

அப்படித்தான் இன்றுவரை நிற்கிறேன். எல்லோரும் மேலே பார்க்கும்போது நான் மட்டும் விமானத்துக்கு முதுகு காட்டி நிற்பேன்.

இன்னொன்றும் சொன்னார். "செக் பண்ணிட்டேன்னு எந்த மெம்பர் சொன்னாலும் நம்பாத. நான் சொன்னாலும் நம்பாத."

சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம் என்று அன்றைக்கே புரிந்துவிட்டது. ஒவ்வொரு விமானமும் ஏறுவதற்கு முன்னால் நான் பின்னால் இருந்து வாலைப் பிடித்துக்கொள்வேன். மோட்டார் ஓடும்போதே ரிமோட்டை அணைக்கச் சொல்வேன். புரொப்பெல்லர் தானாக நிற்க வேண்டும். நிற்காத விமானம் சிக்னல் விட்டுப்போனால் கண்டபடி ஓடும், யார் தலையில் வேண்டுமானாலும் இறங்கும். "நேத்துத்தானப்பா பாத்தேன்" என்று அலுத்துக்கொள்வார்கள். இருக்கட்டும் சார், இன்றைக்கும் பார்த்துவிடுவோம் என்பேன். அந்த ஒரு இடத்தில் மட்டும் எனக்குக் கூச்சம் கிடையாது.

பேட்டரி விஷயமும் அப்போதுதான் கற்றுக்கொடுத்தார்கள். இந்த விமானங்களில் இருப்பது லைப்போ பேட்டரி. செங்கலைப் பாதியாக வெட்டின மாதிரி இருக்கும், மேலே நீல உறை. விழுந்து அடிபட்டால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உள்ளே கெட்டுப்போயிருக்கும். மெல்ல வீங்கி, இனிப்பாக ஒரு வாசம் விட்டு, ஒரு மணி நேரமோ அரை நாளோ கழித்துக்கூடத் தீப்பிடிக்கும். அதனால் விழுந்த விமானத்தின் பேட்டரியைக் கழற்றி, ஷெட்டுக்கும் கார்களுக்கும் தூரமாக வைத்திருக்கும் மணல் பெட்டியில் போட வேண்டும். ஒரு தடவை அந்தப் பெட்டியின் மூடி தானாக எழும்பி, கேஸ் அடுப்பு சீறுகிற மாதிரி தீ வந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

2. வேலிக்கு அந்தப் பக்கம்

மைதானத்தை ஒட்டிக் கருப்பசாமி அண்ணாச்சியின் மக்காச்சோளக் காடு. காட்டின் ஓரத்திலேயே வீடு, மாட்டுத் தொழுவம், வைக்கோல் படப்பு. அவர் எங்கள் ஊர்க்காரர்தான். அந்தப் பக்கம் புது ரோடு வரப்போகிறது என்று பேச்சு இருந்தது. யாரோ வந்து நிலத்தை அளந்து கல் ஊன்றிவிட்டுப் போயிருந்தார்கள். அதிலிருந்து அவருக்கு எங்கள் விமானங்கள் மேல் சந்தேகம்.

"ஏலே சுந்தரம், மேல இருந்து என் நெலம் எம்புட்டுன்னு அளக்காகளோ?"

"இல்ல அண்ணாச்சி. சும்மா வெளையாட்டு."

"தல நரச்ச ஆளுக, கார் போட்டு வந்து வெயில்ல நின்னு வெளையாடுதாக. அத நான் நம்பணும்."

"நெசமாத்தான்."

"உனக்கு என்னலே தெரியும்? நீதான் அதப் பாக்கவே மாட்டியே. திரும்பியில்லா நிக்க."



3. காற்றடித்த ஞாயிற்றுக்கிழமை

ஆடி மாதம். மலையிலிருந்து காற்று இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பல் டாக்டர் டேவிட் சார் தன் பெரிய விமானத்தை ஏற்றியிருந்தார். வழக்கம்போல நான் திரும்பி நின்றேன். திடீரென்று மோட்டார் சத்தம் நின்றது. "போச்சு, போச்சு" என்றார்கள். சோளத்தட்டை முறிகிற சத்தம் கேட்டது.

நான் ஆளைத்தான் பார்த்தேன். அதுவரை பம்புசெட் பக்கம் நின்றிருந்த கருப்பசாமி அண்ணாச்சியைக் காணோம். மெம்பர்கள் கேட்டைச் சுற்றிக்கொண்டு காட்டுக்குப் போவதற்குள் அவர் தலையில் ஒரு தட்டைக் கட்டோடு வெளியே வந்து தொழுவத்துக்குள் போனார். கதிர் முற்றாத சோளத்தை அந்த நேரத்தில் யாரும் மாட்டுக்கு அறுப்பதில்லை. கட்டும் அளவுக்கு மீறின நீளமாக இருந்தது.

காட்டில் சாய்ந்த தட்டைகளும் ஒடிந்த புரொப்பெல்லர் துண்டு ஒன்றும் கிடந்தன. விமானம் இல்லை.

"நீ பாத்தியா?" என்று செயலாளர் கேட்டார்.

"ஒரு கட்டப் பாத்தேன் சார். உள்ள என்ன இருந்துச்சுன்னு பாக்கல."

டேவிட் சார் முகம் மாறிவிட்டது. "பிளேன் போனாப் போகுது. பேட்டரி நல்லா அடி வாங்கியிருக்கும். அத வைக்கோல் பக்கத்துல வச்சிட்டா என்ன செய்ய?"

செயலாளர் நல்ல எண்ணத்தோடுதான் வேலி ஓரமாகப் போனார். ஆனால் கோபமும் இருந்தது. ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போட்டார்.

"ஏய்யா! எடுத்தத வீட்டுக்குள்ள வச்சீருன்னா எல்லாம் பத்தி எரிஞ்சு போகும், பாத்துக்கிடும்!"

 எங்கள் பக்கத்தில் ஒருவன் இன்னொருவனைப் பார்த்து அப்படிச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

கருப்பசாமி அண்ணாச்சி துண்டை உதறிக்கொண்டு வெளியே வந்தார். "என்னவே சொன்னீரு? என் படப்புக்குத் தீ வைப்பீரோ? இம்புட்டுப் பேரு சாட்சி. இன்னைக்கு என் தொழுவுல ஒரு பொறி விழுந்தாலும் ஸ்டேஷன்ல உம்ம பேரத்தான் எழுதிக் குடுப்பேன்."

"திருடுனதும் இல்லாம பேச்சப் பாரு. நானும் ஸ்டேஷனுக்குத்தான் போறேன்."

"போம்வே. மேல இருந்து நெலத்த அளக்கதுக்கு யார் சொன்னான்னு அங்க வச்சுச் சொல்லும்."

ரோட்டில் பைக்குகள் நின்றுவிட்டன. டேவிட் சார்தான் செயலாளரைக் கையைப் பிடித்து இழுத்துவந்தார். பிறகு என்னிடம் மெதுவாக, "சுந்தரம், உங்க ஊர்க்காரர்தான? நீங்க சொன்னாக் கேப்பாரா?" என்றார்.

"ஊர்க்காரன்தான்" என்றார் செயலாளர். "அதான் எனக்கு யோசனையா இருக்கு."

நானும் அண்ணாச்சியோடு கூட்டு என்று அவர் நினைக்கிறார் என்பது புரிந்தது. 

எனக்கு வேறு கவலை. பேட்டரி தொழுவத்தில் இருந்தால் எந்த நேரமும் எரியலாம். எரிந்தால் மாடு போகும், படப்பு போகும், வீட்டில் ஆள் இருந்தால் அவர்களும். சங்கத்துக்காரன் சொல்லிவைத்துத் தீ வைத்தான் என்று ஊரே நம்பும். இனி யார் போய் எச்சரித்தாலும் அது இரண்டாவது மிரட்டலாகத்தான் கேட்கும்.

4. படப்புக்குக் காவல்

பேசத் தெரியாதவனுக்குத் தோன்றியது ஒன்றுதான். ஒரு வாளி மணலை எடுத்துக்கொண்டு போய்ப் படப்புக்கும் தொழுவத்துக்கும் நடுவே உட்கார்ந்தேன்.

செத்த நேரத்தில் அண்ணாச்சி வந்தார். "எதுக்குலே இங்க வந்து உக்காந்திருக்க?"

"படப்புக்குக் காவல்."

"காவலா, கொளுத்தவா?"

நான் எழுந்து, தீப்பெட்டி இல்லை என்று சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினேன். கைலி மடிப்பை உதறினேன். அவர் நம்பவில்லை. வாளி மணலுக்குள் கையை விட்டுத் துழாவினார். ஒன்றும் அகப்படவில்லை என்பதே அவருக்குச் சந்தேகத்தைக் கூட்டிவிட்டது.

"அந்தாளு அனுப்பிச்சானா?"

"இல்ல."

"பொறவு?"

"நான் பிளேனக் கேக்க வரல அண்ணாச்சி. அது உங்ககிட்ட இருக்குன்னும் சொல்லல. எடுத்த ஆளு யாரோ, அவரே வச்சுக்கிடட்டும்."

"பிளேன் வேண்டாம்னு எவனாவது சொல்லுவானா? என்னமோ சூது இருக்கு."

அவருடைய மனைவி பேச்சியம்மாள் வாசலில் வந்து நின்றார். நான் அவரைப் பார்த்துப் பேசினேன். தலையைக் குனிந்துகொண்டுதான்.

"மதினி, தொழுவுல ஏதாவது வாசம் வருதா? இனிச்சாப்புல. பொம்பளப் பிள்ளைக நகத்துக்குப் போடுத சாயம் மாதிரி?"

மதினி சட்டென்று புருஷனைப் பார்த்தார். "நான் அப்பவே கேட்டேம்லா. என்ன கருமம் இப்பிடி நாறுதுன்னு. மாடு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கின்னு சொன்னேன், கேட்டீயளா?"

"நீ சும்மா கெட."

"நான் சும்மா கெடந்தா மாடு கெடக்குமா? போய் எடுங்க முதல்ல."

அவர் அசையவில்லை. நான் நிற்கிற வரைக்கும் அசையமாட்டார் என்று தெரிந்தது. என் கண் முன்னால் வெளியே எடுத்தால் ஒளித்து வைத்தது அவர்தான் என்றாகிவிடும். நான் திரும்பி, தொழுவத்துக்கு முதுகைக் காட்டி, மலையைப் பார்த்து நின்றுகொண்டேன். தினமும் நிற்கிற மாதிரிதான்.

பின்னால் வைக்கோல் சரிகிற சத்தம். பிறகு விமானத்தின் தெர்மோகோல் கிறீச்சிடுகிற சத்தம்.

"இது வரப்புல கெடந்துச்சு. யாருதுன்னு எனக்குத் தெரியாது."

"சரி அண்ணாச்சி."

"வீங்கிக் கெடக்கு."

"எம்புட்டு?"

"புளிச்ச மாவு கணக்கா."

"வயர வெட்டிராதீக. மஞ்சப் பிளக்கு ஒண்ணு இருக்கும். ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுங்க. கையில வச்சுக்கிட்டு நிக்காதீக, மம்பட்டியில அள்ளிட்டுப் போங்க."

"எங்கலே போக?"

"வெட்டவெளிக்கு. வரப்புக்கு அந்தால."

அவர் மம்பட்டியை நீட்டிப் பிடித்துக்கொண்டு, பாம்பை அள்ளிக்கொண்டு போகிறவர் மாதிரி என்னைக் கடந்து போனார். மதினி ஒரு பழைய மண்சட்டியைக் கொண்டுவந்தார். பாதி மணலைக் கொட்டி, அதில் பேட்டரியை வைத்து, மீதி மணலை மேலே போட்டோம். மாட்டை அவிழ்த்து வேப்பமரத்தில் கட்டச் சொன்னேன்.

நான் கிளம்பும்போது அண்ணாச்சி கேட்டார். "படம் பிடிக்குத பொட்டி அதுல எங்க இருக்கு? எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்துட்டேன், காங்கல."

"அதுல கேமராவே கெடையாது அண்ணாச்சி."

"முன்னக்கூட்டியே கழத்தியிருப்பானுக" என்றார்.

5. கேட்டில்

மெம்பர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். செயலாளர் மட்டும் காரில் சாய்ந்து நின்றிருந்தார்.

"பிளேன் அங்கதான் இருக்கா?"

"பாக்கல சார். பேட்டரிய வெளிய எடுத்து மண்ணுல போட்டாச்சு."

"பிளேன் இல்லாம பேட்டரி மட்டும் தனியா நடந்து வந்துச்சாக்கும்?"

"நான் திரும்பி நின்னேன் சார்."

"எதுக்குத் திரும்பி நின்ன?"

விமானத்தைப் பார்க்காதே என்று நீங்கள்தானே சார் சொன்னீர்கள் என்று வாய் வரைக்கும் வந்தது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சாவியக் குடு. நானே பூட்டிக்கிடுதேன்" என்றார். கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த கூட்டத்தில் டேவிட் சார் எடுத்துச் சொல்லி, அந்த விதியைப் பலகையில் எழுதினார்கள். அவருடைய விமானம் இன்றுவரை வரவில்லை. அவரும் கேட்கவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். பேட்டரியைச் சந்தேகப்படுங்கள், ரிமோட்டைச் சந்தேகப்படுங்கள், காற்றைச் சந்தேகப்படுங்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் மேல் சந்தேகம் இருந்தால் ஒரு மணி நேரம் அதை வாய்க்குள்ளேயே வைத்திருங்கள். சந்தேகத்தோடு சேர்த்துச் சொல்கிற எச்சரிக்கை எவ்வளவு உண்மையாக இருந்தாலும் அவருக்கு மிரட்டலாகத்தான் கேட்கும். அவர் பொருளை இன்னும் உள்ளே தள்ளி வைத்துக்கொள்வார். உள்ளே இருப்பது வைக்கோல்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலை வரப்புக்குப் போய்ப் பார்த்தேன். சட்டி இரண்டாகப் பிளந்து கிடந்தது, மணல் கருகியிருந்தது. படப்பு அப்படியே இருந்தது, மாடு வேப்பமரத்தடியில் நின்றது. மைதானத்துக்கு வந்தேன். கேட்டில் புதுப் பூட்டு தொங்கியது. செயலாளர் கடையை ஆளிடம் விட்டுவிட்டு வந்து திறக்கும் வரை ரோட்டில் நின்றுகொண்டிருந்தேன்.