சவாரிக்குப் பிறந்த சொல்

கோர்ட்டில் துபாஷி வேலை பார்ப்பவனுக்கு ஒரு விதி உண்டு. யார் பேசினாலும் அவராகவே மாறி, 'நான்' என்றுதான் மொழிபெயர்க்க வேண்டும். திருடன் 'நான் திருடவில்லை' என்றால் நானும் 'நான் திருடவில்லை' என்பேன். பல வருஷம் அது எனக்கு உறுத்தவில்லை. ஒரு வக்கீல் வந்து என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்.

வழக்கு இதுதான். சிராங்கூன் ரோட்டில் உட்கார்ந்து சல்லிக்கல் பதித்துக்கொண்டிருந்த தமிழ்க் கூலி ஒருவரின் காலில், ஒரு வெள்ளைக்கார வியாபாரி ஓட்டிவந்த மோட்டார் கார் ஏறிவிட்டது. எலும்பு நொறுங்கிப்போய், கட்டையை ஊன்றிக்கொண்டுதான் சாட்சிக் கூண்டுக்கு வந்தார். தப்பு கார்மேல் என்று தீர்ப்பானால், கூலிகள் குடியிருக்கும் லைனிலேயே காவல்காரன் வேலை தருவதாக மேஸ்திரி சொல்லியிருந்தான். இல்லையென்றால் அடுத்த கப்பலில் நாகப்பட்டினம். அங்கே அவருக்கென்று யாரும் மிச்சமில்லை.

வியாபாரியின் வக்கீல் படித்த மனிதர். அதைக் காட்டிக்கொள்ளாமல் அவரால் இருக்க முடியாது. 'ரோடு' என்ற ஆங்கிலச் சொல், சவாரி செய்வதைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது என்று மாஜிஸ்திரேட்டுக்குப் பாடம் எடுத்தார். ஆதியில் குதிரைமேல் போவதற்குத்தான் அந்தப் பெயராம். பிறகு கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்கும் கடலுக்கும் அதே பெயர் வந்ததாம். தரையில் போட்ட வழிக்கு அது வந்து சேர்ந்தது வெகு காலம் கழித்துத்தானாம். ஆகவே ரோடு சவாரி போகிறவர்களுடையது, உட்காருகிறவர்களுடையது அல்ல என்றார். கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட்டும் சிரித்துக்கொண்டே, சாட்சிக்கு இதைச் சொல் என்றார்.

சொன்னேன். "சவாரி போறவங்களுக்குத்தான் ரோடுன்னு நான் சொல்றேன். நீ எதுக்கு அங்க உட்கார்ந்தே?" அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே, என் வாயால் சொன்னேன்.

அவர் வக்கீலைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"உட்காராம எப்படிங்க கல்லு பதிக்கிறது? நாங்க போட்டு முடிச்சாத்தானே அது ரோடு?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் அதை மெதுவாக மொழிபெயர்க்கவில்லை. 'நான் உட்காராமல் கல் எப்படிப் பதியும்? நான் போட்டு முடித்தால்தானே உங்களுக்கு ரோடு?' என்று ஆங்கிலத்தில் கத்தினேன். மாஜிஸ்திரேட்டின் சிரிப்பு நின்றது. கத்துவது சாட்சியா நீயா என்று கேட்டார். விதிப்படி நான்தானே சாட்சி, துரை என்றேன்.

வியாபாரிக்கு விடுதலை. சாட்சியின் கவனக்குறைவு என்று தீர்ப்பு. அதையும் மாஜிஸ்திரேட்டாக மாறி நானே அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுக்குப் போனதும் அகராதியைப் புரட்டினேன். வக்கீல் ஒன்றை விழுங்கியிருந்தார். ஊருக்குள் புகுந்து கொள்ளையடிப்பதற்கு அவர்கள் மொழியில் இருக்கும் 'ரெய்டு' என்ற சொல்லும் இந்த ரோட்டோடு கூடப்பிறந்ததுதான். இரண்டுக்கும் அதே குதிரைச் சவாரிதான் வேர். அவ்வளவு படித்தவருக்கு இது மட்டும் தெரியாமலா போயிருக்கும்? அகராதியைத் தூக்கி மூலையில் எறிந்தேன்.

அந்தக் கூலிக்காரரைக் கப்பலேற்றி அனுப்புகிற அன்று துறைமுகத்துக்குப் போனேன். கப்பல் தூரத்தில், வக்கீல் சொன்ன அந்தக் கடலில் நங்கூரம் போட்டு நின்றது. இரண்டு பேர் அவரைத் தூக்கிச் சம்பான் படகில் உட்கார வைத்தார்கள். கட்டையை நான் கொடுத்தேன்.

"அன்னிக்கு இங்கிலீசுல கத்துனீங்களே, நான் சொன்னதைத்தானா சொன்னீங்க?" என்று கேட்டார்.

"நீங்க சொன்னதைத்தான். ஒரு வார்த்தை விடல."

சம்பான்காரன் துடுப்பை எடுத்துவிட்டான்.

"அப்ப அவங்களுக்குப் புரிஞ்சிருக்குமே" என்றார்.