முதல் ஊசி டிரஸ்ஸருக்கு

வலி தெரியாமலிருக்க மரத்துப்போகச் செய்யும் மருந்தை ஏற்றுகிறோம்; அதை ஏற்றுகிற ஊசியே உயிர் போக வலிக்கிறது. டாக்டருக்குக் கீழே கட்டுப் போட்டு ஊசி குத்தும் எங்கள் டிரஸ்ஸர் தொழிலின் லட்சணம் இதுதான். ஊசியைக் கண்டு ஓடியவர்களுக்கு, அதாவது உங்கள் எல்லோருக்கும், இது புரியும்.

சோற்றுக்கு ஒரு பூச்சாண்டி

ஜப்பான்காரன் வருவதற்கு முன், மலாயாவில் சிம்பாங் ரெங்கம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்தேன். ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டும் அங்கம்மா தன் மகள் பொன்னியைக் கூட்டி வந்தாள். முள் குத்திய உள்ளங்கை சீழ் பிடித்து வீங்கியிருந்தது. அன்றே கீறிவிடாவிட்டால் விரல்கள் வீணாகிவிடும். பொன்னியோ என் முகத்தைப் பார்த்ததுமே கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். ஊசியை நான் இன்னும் கையில்கூட எடுக்கவில்லை. என்னம்மா இது என்று அங்கம்மாவைக் கேட்டேன்.

“உங்க பேரச் சொல்லித்தாங்க சோறு ஊட்டுறேன். டிரஸ்ஸர் ஊசியோட வர்றாருன்னாத்தான் வாயத் தொறப்பா.”

சுட்ட குளிர்

குளுவாங் டவுனிலிருந்து அன்று வந்திருந்த டாக்டர் ஒரு கண்ணாடிக் குப்பி வைத்திருந்தார். அழுத்தினால் மருந்து பீய்ச்சும். தோல் வெளுத்து உறைந்துபோகும். அந்த இடத்தில் ஊசி குத்தினால் தெரியாது. எனக்கு அது புதுசு. வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தேன் என்றே சொல்லலாம். ஒருவழியாகப் பொன்னியை வெளியே இழுத்து உள்ளங்கையில் பீய்ச்சினோம். அலறிக்கொண்டு கையைப் பிடுங்கிக்கொண்டாள். சில்லென்று இருப்பதற்கு ஏன் இந்த அலறல்? அப்புறம்தான் எனக்கு உறைத்தது. தோட்டத்துப் பிள்ளை, ஐஸைத் தொட்டதே கிடையாது. அது குளிர்தான் என்று நான் சத்தியம் செய்தும் எடுபடவில்லை.

“பொய் சொல்றீங்க. கொதிக்கிற தண்ணிய ஊத்துறீங்க.”

யார் கை முதலில்?

குப்பியை அவளிடமே கொடுத்து, என் கையில் பீய்ச்சச் சொன்னேன். அழுகை நின்றது. வெளுத்த தோலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஊசியைக் காட்டினாள். டாக்டர் சிரிக்காமல் வேறொரு ஊசியை எடுத்து என் கையில் குத்தினார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஊசி என்றால் பயம்தான். பொன்னி ஊசியைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தாள். நிஜமாகவே வலிக்காததால் முகம் காட்டிக்கொடுக்கவில்லை. அவளே கையை நீட்டினாள். குளிர் மருந்து, அதன்மேல் ஊசி, அப்புறம் கத்தி. கொஞ்சம் முனகினாள், அவ்வளவுதான். விரல்கள் பிழைத்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கட்டுப் பிரிக்க வந்த அன்று அங்கம்மா குறைப்பட்டுக்கொண்டாள். என் பேரைச் சொன்னால் இப்போது மகள் சிரிக்கிறாளாம். இனி எதைச் சொல்லிச் சோறு ஊட்டுவது? பொன்னியே வழி சொன்னாள்.

“பெரிய டாக்டரு பேரச் சொல்லும்மா. அவரு டிரஸ்ஸரையே குத்திட்டாரு.”

பிள்ளைகளின் ஊசி வலிக்குக் குளிர் மருந்து பாதிதான் கேட்கும். மீதிப் பாதிக்கு ஒரு டிரஸ்ஸரின் கை வேண்டும்.