சளிமூக்கிக்கு ஒன்றும் ஆகாது

எனக்கு வருடம் முழுக்கச் சளி. பன்னிரண்டு வயது வரை என் சட்டைக் கையில் மூக்குத் துடைத்த கறை போனதே இல்லை. சிதம்பரத்தில் மாமா வீட்டுக்குப் போனால் அத்தை எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் டம்ளரைத் தனியாக எடுத்து வைப்பார். அவருடைய மகன்கள் இருவரும் என்னைச் சளிமூக்கி என்பார்கள். எனக்கு அந்த வீடே பிடிக்காது.

கொரோனா இரண்டாவது முறை பரவியபோது அத்தைக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை, வீட்டிலேயே தனி அறையில் வையுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை மாமா பைக்கில் கடலூருக்கு வந்து எங்கள் வாசலில் நின்றார். என்னை அனுப்பச் சொன்னார். அத்தைக்குக் கஞ்சி கொடுக்க ஆள் வேண்டுமாம்.

"கொரோனாவும் சளிக் கிருமிக்குப் பங்காளிதாம்மா. எப்பவும் சளி புடிச்ச ஒடம்பு அதுக்குப் பழகியிருக்கும். பாப்பாவ ஒண்ணும் பண்ணாது. என் பசங்களுக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்ல. அவனுங்க தாங்க மாட்டானுங்க."

"அப்போ நீங்களே போயி குடுங்க மச்சான்" என்றார் அப்பா.

"எனக்கு சுகர் இருக்குது மாப்ள."

அம்மா அழுதாள். ஆனால் மறுக்கவில்லை. மாமா மடியில் உட்கார வைத்துத்தான் எனக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் கேட்டு இல்லை என்று சொல்லும் வழக்கம் எங்களிடம் கிடையாது. "நாளைக்கு இவளுக்கு சீர் தூக்கினு வரப்போறவன் யாரு?" என்று மாமா கேட்டதும் அப்பாவும் சரி என்றுவிட்டார்.

எனக்கோ பெருமை. எல்லோரும் அசிங்கம் என்று சொன்ன மூக்குக்கு முதல்முறையாக மதிப்பு வந்திருந்தது. நானே பைக்கில் ஏறி உட்கார்ந்தேன். போலீஸ் மறித்தால் இருமிக் காட்டச் சொன்னார் மாமா.

அத்தையை மாடியறையில் வைத்திருந்தார்கள். மாடிப்படி பாதி ஏறியதும் இருமல் கேட்டது. அப்படி ஓர் இருமலை நான் அதுவரை கேட்டதில்லை. கஞ்சிப் பாத்திரத்தோடு அங்கேயே நின்று திரும்பிப் பார்த்தேன். மாமா கீழ்ப்படியில் காலை வைக்காமல் நின்று, போ என்று கையைக் காட்டினார். போய்க் கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள்.

"யாரு?"

"நான்தான் அத்தை. கஞ்சி."

மூச்சு இழுக்கும் சத்தம் வந்தது. "ஒன்ன யாருடி அனுப்புனது?"

"மாமா."

"சளிமூக்கி மூஞ்சிய நான் பாக்கணுமா? வெளிய வச்சிட்டு கீழ போடி."

எனக்கு ஆத்திரம் வந்தது. கதவை ஓங்கி அறைந்துவிட்டு இறங்கினேன். நான் கீழே வந்து சேர்ந்த பிறகுதான் மேலே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு வேளையும் இதேதான். தன் எச்சில் பாத்திரங்களை அத்தை வெளியே வைக்கவே இல்லை. எல்லாவற்றையும் உள்ளேயே சேர்த்துக்கொண்டார். கடைசியில் குக்கர் மூடியைத் தவிர வேறு பாத்திரம் இல்லை என்று மாமா கத்தினார். என் கையில் பாத்திரத்தைத் திருப்பித் தரக்கூட அத்தைக்கு அருவருப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குக் கொரோனா வரவில்லை. மாமா இன்றும் கல்யாண வீடுகளில் என்னைக் காட்டிப் பேசுகிறார். "அத்தகூட ரூமுக்குள்ளயே கெடந்தா இவ, ஒண்ணும் ஆவல பாரு. எல்லாம் அந்தச் சளி." அவர் கடைசி வரை மாடி ஏறவில்லை. தாழ்ப்பாளைப் பற்றி அவருக்குத் தெரியாது.

இப்போது நர்சிங் படிக்கிறேன். முன்பு வந்த சளி, புதுக் கிருமியை எதிர்க்கச் சிலருக்குக் கொஞ்சம் உதவலாம், சிலருக்கு உதவாமலும் போகலாம், இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை. அரைகுறையாகக் காதில் விழுந்த ஒன்றை நம்பி மாமா, தன் பிள்ளைகளைக் கீழே வைத்துக்கொண்டு என்னைப் படியேற்றினாரே, அதை நான் மன்னிக்கமாட்டேன்.

அத்தை பிழைத்துக் கீழே இறங்கிய அன்று நான் அவரிடம் பேசவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு பைக்கில் ஏறினேன். சளிமூக்கிக்கும் ஏதாவது ஆகிவிடும் என்று அந்த வீட்டில் பயந்தவர், கதவுக்கு உள்ளே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த அவர் ஒருவர்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.